தள்ளிப் போட்டது யார்?

இங்கிலீஷில் 'புட் ஆஃப்' என்று ஒரு வினை இருக்கிறது. 'புட்' என்றால் வை, போடு. 'ஆஃப்' என்றால் அப்பால், விலகி. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கிற பொருளுக்கு அவை இரண்டுமே பொறுப்பேற்றுக்கொள்ளாது. ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவது புட் ஆஃப். விளக்கை அணைப்பதையும் எங்கள் தலைமையாசிரியர் அப்படித்தான் சொல்வார். வீடு தேடி வந்த ஆளுக்கு ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவதற்கும் அதே சொல்தான். ஒருவருக்கு இருந்த ஆசை விட்டுப்போகும்படி செய்தாலும் அதுவேதான். இத்தனை வேலையையும் இரண்டு பொடிச் சொற்களை வைத்தே ஒப்பேற்றிக்கொள்ளும் சிக்கனக்காரன் வெள்ளைக்காரன். அந்தச் சிக்கனத்துக்கான செலவை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் கட்டினார்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் திருச்சுழியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். இந்தி வேண்டாம் என்று மாணவர்கள் தெருவில் இறங்கி அதிக காலம் ஆகவில்லை. இந்தி வராமல் நின்றதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்கு நன்றிக்கடனாக இங்கிலீஷ் ஒன்றும் எளிதாகிவிடவில்லை. கணக்கில், விஞ்ஞானத்தில், சரித்திரத்தில் தேறியவர்கள்கூட இந்த ஒரு பேப்பரில் வந்து தலைகுப்புற விழுந்தார்கள்.

அப்போது கடைகளில் விற்ற கைடுகள் எல்லாவற்றிலும் புட் ஆஃபுக்கு ஒரே உதாரணம்தான் இருக்கும். மழையினால் மேட்ச் தள்ளிப்போடப்பட்டது. பிள்ளைகளும் அதை அப்படியே நெட்டுருப் போட்டு ஒப்பிப்பார்கள். நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள்.

"மழை பெஞ்சா எதுக்கு டீச்சர் மேட்ச நிறுத்தணும்? மழை பெஞ்சாத்தான டீச்சர் எல்லாமே நடக்கும்?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் சீமையில் மழையால் நின்றுபோன காரியம் என்று எதையாவது யோசித்துப் பார்த்தால் எனக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கோயில் கொடை, காதுகுத்து, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாம் மழை இல்லாமல் நின்றவைதான். கண்மாய் பெருகி மறுகால் போகிற வருஷத்தில் எதையும் யாரும் தள்ளிப்போடமாட்டார்கள். மழையில் நனைந்துகொண்டே கல்யாணம் செய்வார்கள்.

அன்றே கைடு உதாரணத்துக்குத் தடை போட்டேன். இனிமேல் ஒவ்வொரு வினைக்கும் அவரவர் வீட்டில் நடப்பதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், கடன் வாங்கிய வாக்கியம் செல்லாது என்றேன். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டார்கள். என் அப்பா காளைமாடு வாங்குவதைத் தள்ளிப்போட்டார். என் சித்தப்பா பல் பிடுங்குவதைத் தள்ளிப்போட்டார். பஞ்சாயத்துக்காரர்கள் எங்கள் தெருவுக்கு லைட் போடுவதைத் தள்ளிப்போட்டார்கள். இந்த ஒரு வினைக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் உதாரணப் பஞ்சமே இல்லை என்று தெரிந்தது. இங்கிலீஷ்காரனுக்கு இதற்கு ஒரு வினை வேண்டியிருந்தது. எங்களுக்குத் தமிழ் மாதங்களே போதும். சித்திரையில் கேட்டால் "ஆவணிக்குப் பாப்போம்." ஆவணியில் கேட்டால் "ஐப்பசி மழை விழுகட்டும்." ஐப்பசியில் கேட்டால் "தை வரட்டும்." இல்லை என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு.

என் கல்யாணமும் இந்த மாதங்களில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

எனக்கும் என் அத்தை மகனுக்கும் பரிசம் போட்டு மூன்று பொங்கல் ஆகியிருந்தது. அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. எம்.ரெட்டியபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தாள். மாமா காலமான பிறகு அவளே கடையை நடத்தினாள். அத்தான் அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் கடையில் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை. எங்கள் உறவில் தேறியவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும் என்பதால் அதை யாரும் குறையாகப் பேசியதில்லை. நானும் நினைத்ததில்லை. நிதானமான மனிதர், சிகரெட் கிடையாது, பாட்டு கேட்பார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

அப்பாவும் அத்தையும் பரிசத்துக்கு முன்னால் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு பஜாரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. அத்தை சரக்கு எடுக்க டவுனுக்கு வந்தால் கடை வாசலில் நின்றே சத்தம் போடுவாள். "ஏண்ணே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இதப் போயி நல்ல கொட்டைன்னு அனுப்பிருக்க?" அப்பாவும் விடமாட்டார். பஜாரே வேடிக்கை பார்க்கும். அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே இலையில் பொட்டலம் பிரித்து மிக்சர் தின்பார்கள்.

பரிசத் தட்டு மாறிய நிமிஷத்தில் அதெல்லாம் முடிந்தது. அண்ணன் தங்கை சம்பந்தி ஆகிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்திக்குச் சம்பந்தி வாய்திறந்து எதையும் கேட்கக் கூடாது. பெண் வீட்டார் தேதி கேட்டால் பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிறார்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சீர்செனத்திக்கு அலைகிறார்கள் என்று அர்த்தம். அதனால் இரண்டு பக்கமும் வெற்றிலையை மென்றுகொண்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

பரிசம் போட்ட பெண்ணுக்குத் தாலி ஏறும்வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேலையும் பூவும் வர வேண்டும். அத்தை தவறாமல் கொண்டுவந்தாள். ஒரு வருஷம் அரக்கு, ஒரு வருஷம் மாம்பழ மஞ்சள், ஒரு வருஷம் கிளிப்பச்சை. தட்டை வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்காருவாள். சின்ன வயதில் அப்பா முதுகில் உப்புமூட்டை ஏறியவள், அந்த வீட்டில் நாற்காலி நுனியில் உட்காருவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

"அவசரம் ஒண்ணுமில்ல சம்பந்தி. ஒங்க சௌகரியம் எப்படியோ அப்படி" என்பாள்.

"எங்களுக்கென்ன, ஒங்க சௌகரியந்தான்" என்பார் அப்பா. பிறகு ஏதாவது சொல்லி வைக்க வேண்டுமே என்று, "இந்த வருசம் பருத்தியும் சரியில்ல" என்பார். அத்தையும் "ஆமா, சரியில்ல" என்பாள். அவ்வளவுதான். என் கல்யாணம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். எனக்குச் சேலை மிச்சம்.

நான் அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். அம்மா இல்லாத வீடு. சமைப்பது நான், மாதச் சம்பளம் கொண்டுவருவதும் நான், எனக்குக் கீழே படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். என்னை அனுப்பிவிட்டால் வீடு என்ன ஆகும் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்தால் வாய்விட்டுச் சொல்லலாமே, பருத்தியின் மேல் ஏன் பழியைப் போடுகிறார் என்று எனக்குள் பொருமுவேன். வெளியே கேட்கமாட்டேன். பெண் கேட்பது எல்லாவற்றையும்விடப் பெரிய மரியாதைக் குறைவு.

மூன்றாவது பொங்கலுக்குக் கிளிப்பச்சைச் சேலையோடு அத்தை ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். பம்பாயில் இருக்கிற உறவுக்காரர் கடைக்கு ஆள் கேட்கிறாராம். தீபாவளிக்குப் பிறகு அத்தான் போனாலும் போவாராம். அப்பா "நல்ல விசயந்தான்" என்றார். பம்பாய்க் கடைகளுக்குப் போனவர்களை எங்களுக்குத் தெரியும். ஊருக்கு மணியார்டர் வரும், ஆள் வராது. பரிசம் போட்டபடியே நின்று, கடைசியில் வேறு யாருக்கோ இரண்டாம் தாரமாகப் போன பெண் எங்கள் தெருவிலேயே இருந்தாள். அவளைக் கடந்து போகும்போது அதன் பிறகு நான் தலை நிமிர்ந்ததில்லை.

அந்த ஆனி மாதம் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. கல்வித்துறை அதிகாரி பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்து என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை. அன்றைய பாடத்தில் இருந்த வினைகளில் புட் ஆஃபும் ஒன்று. தலைமையாசிரியர் முந்தின நாள் எனக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் கேளுங்கள், மழையினால் மேட்ச் என்று சொல்லச் சொல்லுங்கள், வம்பு வேண்டாம் என்றார். நான்தான் பெரிய சீர்திருத்தக்காரியாயிற்றே. சொந்த வாக்கியம் என்று கேட்டேன்.

நரிக்குடிப் பெண் கையைத் தூக்கினாள். எழுந்து நின்று, ஒரு பிசகும் இல்லாத இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எங்கள் டீச்சரின் அப்பா எங்கள் டீச்சரின் கல்யாணத்தை மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறார்.

இது ஒன்றும் ரகசியமில்லைதான். பொங்கல் முடிந்து புதுச் சேலையில் வருகிற டீச்சரின் கழுத்தைப் பார்க்காத பெண்பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கிறாள்? ஆனாலும் அதைச் சபையில், அதுவும் இங்கிலீஷில் கேட்டபோது எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெரி குட்" என்றார். "சரியான பிரயோகம். ஏன் தள்ளிப்போட்டார் என்பதையும் சேர்த்தால் வாக்கியம் இன்னும் நன்றாக இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். "அது எங்க யாருக்கும் தெரியல சார்" என்றாள் தமிழில்.

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்டதைத்தான் அவள் கொடுத்தாள். கைடு கம்பெனிக்காரன் ஏன் எல்லாப் பழியையும் மழையின் மேல் போடுகிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அவளுடைய அப்பா, என் அப்பாவின் கடையில் பருத்திக்கொட்டை வாங்குகிறவர். இரண்டு நாள் கழித்து லோடு ஏற்ற வந்தவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்பா மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். சோறு வைத்தால் தொடவில்லை.

"ஏத்தா, ஒங்க பள்ளிக்கூடத்துல நான் ஒங்கல்யாணத்தத் தள்ளிப் போடுறேன்னு பாடம் நடக்குதாமே?"

"பாடம் இல்லப்பா. உதாரணம்."

"நானா தள்ளிப் போட்டேன்?" அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அவுகள்ல தள்ளிப் போடுறாக! பொங்கலுக்குப் பொங்கல் ஒங்க அத்த வந்து அவசரம் இல்லன்னுட்டுப் போறா. பொண்ணப் பெத்தவன், நான் எந்த வாயால கேக்க? அவுகளுக்கு இஷ்டமில்லையோ என்னமோன்னு நானே ராவும் பகலும் கெடந்து சாகுறேன்."

"அத்ததானப்பா. ஒங்க கூடப் பொறந்த தங்கச்சி."

"தங்கச்சியெல்லாம் பரிசத்துக்கு முந்தி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. மூன்று வருஷமாக அவர் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. காலை பஸ்ஸுக்குப் போறோம். நீயும் வா."

"நான் எப்படிப்பா வர? பரிசம் போட்ட பொண்ணு..."

"ஊருக்கே உதாரணமாயாச்சு. இன்னமே என்ன? வா."

எம்.ரெட்டியபட்டியில் இறங்கி அத்தை கடையை நோக்கி நாங்கள் நடந்ததைத் தெருவே பார்த்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கிற அதிசயம். அத்தான் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசுத் தட்டு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் பார்த்தார். அத்தை ஓடி வந்து எங்களை உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்தாள். யாராவது செத்துவிட்டார்களோ என்று பயந்திருக்கிறாள்.

அப்பா வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்த பேச்சு பாயில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. "ஒண்ணுமில்ல சம்பந்தி. சும்மாதான். ஒங்க சௌகரியம் எப்படின்னு..."

"எங்களுக்கென்ன சம்பந்தி. ஒங்க சௌகரியந்தான..."

இப்படியே விட்டால் நாலாவது சேலையும் வந்துவிடும் என்று தெரிந்தது. "அத்த, கல்யாணத்தத் தள்ளிப் போடுறது நீங்களா, எங்கப்பாவா?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை வாயில் கையை வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கடைப் பக்கம் திரும்பி, "ஏலேய், இங்க வா. இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது. நீயே வந்து சொல்லு" என்றாள்.

அத்தான் கையெல்லாம் புளியோடு வந்து நிலைப்படியில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் பேசினார்.

"நாந்தான் மாமா. நாந்தான் அம்மாவப் பொறுக்கச் சொன்னேன். வருசத்துக்கு ரெண்டு தடவ எழுதுறேன். மத்ததெல்லாம் தேறியாச்சு, இங்கிலீஷ் மட்டும் நிக்கிது. இங்கிலீஷ் டீச்சரக் கட்டிக்கிட்டு, அந்த இங்கிலீஷுலயே பெயிலானவன்னா ஊரு அவுகளத்தான சொல்லும்? பாஸாயிட்டு வந்து நிக்கணும்னு நெனச்சேன்."

புளிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி பேசினார்.

"வார செப்டம்பர்ல எழுதுறேன் மாமா. ரிசல்ட்டு வாரவரைக்கும் பொறுங்க. அதுலயும் போச்சுன்னா நான் பம்பாய்க்குப் போயிர்றேன். நீங்க அவுகளுக்கு வேற நல்ல எடமாப் பாருங்க. படிச்ச எடமா."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பாடத்தைத் தொண்டை வறளக் கத்திச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதே அருப்புக்கோட்டையில், இரண்டு தெரு தள்ளி, ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுத் தூசிக்கு நடுவில் ஒரு மனிதர் மழையினால் மேட்ச் தள்ளிப்போடப்பட்டது என்று தனியாக நெட்டுருப் போட்டிருக்கிறார். எனக்காக. நினைக்க நினைக்க எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அதற்குள் அப்பா தொண்டையைச் செருமினார். சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளை ஒன்று சொன்னால் மறுத்துப் பேசக் கூடாதே.

"மாப்ள சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். "பெறகென்ன, அவுக சௌகரியம் போல..."

அழுகை போய்விட்டது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே என்னைக் கிழவியாக்கிவிடுவார்கள். நான் எழுந்து நின்றேன். வகுப்பில் கேட்பதுபோல என் குரல் கடை வாசல்வரை கேட்டது என்று அத்தை பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"யார் சௌகரியமும் வேண்டாம். ஆவணியில கல்யாணம். பரீட்சை எழுதுறவுக கல்யாணத்துக்குப் பெறகு எழுதட்டும். பெயிலானா என் புருசன் பெயிலானாருன்னு நானே ஊருக்குச் சொல்லிக்கிடுறேன். வேற எடம் எனக்கு யாரும் பாக்க வேண்டாம்."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடையில் யாரோ கால் கிலோ புளிக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தான் அசையவில்லை. பரிசம் போட்ட நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நேராகப் பார்த்ததுமில்லை.

இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"ஆவணியில என்னைக்கு?" என்று கேட்டார். அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.